ஹாலில் குதிக்கும் நாத்தனார்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்தே மூட்டம், தூறல். துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கொடி கட்டி, அதன் கீழே மூன்று பேரும் குனிந்து குனிந்து நடமாட்டம்.

எனக்கு லேப் பில்லிங் கவுண்டரில் எட்டு மணி ஷிப்ட். திரும்பும்போது வாங்க வேண்டியது: தக்காளி, துணி சோப்பு, தீபாவுக்கு முட்டை. (மறுபடியும் முட்டை. ஜோகுபாளையத்துக் கோழிகளுக்கு இவளால்தான் ஓய்வில்லை.)

21ஆம் தேதி அவளுக்கு செலக்‌ஷன். ஒரு அரசு அலுவலகத்தின் பெண்கள் பாஸ்கெட்பால் அணி. எடுத்துக்கொண்டால் விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை. என் நாத்தனாருக்கு வேறு எதிலும் நாட்டம் கிடையாது. பி.காம். கூட கோர்ட்டுக்குப் போகும் வழியில் முடித்ததுதான். கையில் பந்து வந்தால் பிரமாதம். எகிறும் உயரம்தான் போதவில்லை. போன வருஷம் இடது கணுக்கால் சுளுக்கியதிலிருந்து, மேலே போகும்போதே கீழே வருவதை நினைக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

கோச் மேடம் புதுப் பயிற்சி கொடுத்திருக்கிறார். பிளையோமெட்ரிக்ஸ். பெட்டி மேல் ஏறிக் குதிப்பது, பெட்டியிலிருந்து இறங்கித் தரையைத் தொட்ட உடனே மறுபடி எகிறுவது, ஒற்றைக்காலில் தத்துவது. மழையில் கோர்ட் வழுக்குவதால் வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தன் சிவாஜிநகர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பக்கத்து ஆசாரியிடம் சொல்லி ஒரு பெட்டி செய்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். தங்கைக்கு என்றால் மனிதருக்குக் கை தாராளம். நான் மூன்று மாதமாகக் கேட்கும் செருப்பு ஸ்டாண்டு இன்னும் மரமாகவே இருக்கிறது.

முதல் குதி. ஜன்னல் அதிர்ந்தது. இரண்டாவது குதி. கீழ் வீட்டு ஓனர் ஆண்ட்டி மேலேயே வந்துவிட்டார்.

"ஏனம்மா இது? சாமி படமெல்லாம் ஆடுது. நான் பூகம்பம்னு வெளிய ஓடிட்டேன்."

தீபா என் முதுகுக்குப் பின்னால். ஐந்தடி எட்டு அங்குல உருவம், ஐந்தடி உருவத்தின் பின்னால்.

ஜூன் 4, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வழி கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்தது நான்தான், பெருமையாக எழுதி வைக்கிறேன். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டிலிலிருந்து இழுத்து ஹாலில் விரித்தோம். தீபா குதித்தாள். பொத். அவ்வளவுதான். கீழே சீரியல் சத்தம்கூட நிற்கவில்லை. மாலையில் ஆண்ட்டியிடமிருந்து ஒரு டப்பா நிப்பட்டு, நம்ம தட்டைதான்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று மேடம் சொன்னாராம். இரண்டு நாள் குதித்து யார் உயர்ந்தார்கள்? தினமும் செய்யட்டும். தீபாவும் அதையேதான் நினைத்திருந்தாள். நானும் அவளும் இந்த மாதிரி விஷயத்தில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

நான் வீடியோ எடுக்கிறேன். ஸ்லோ மோஷனில் அவள் தலைமுடி மட்டும் தனியாகப் பறக்கிறது. அழகுப் பெண். கண் படப்போகிறது என்று சுற்றிப் போட்டேன். சிரித்தாள்.

ஜூன் 7, சனி

இன்றும் குதித்தாள். புதனிலிருந்து ஒரு நாள் விடவில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். "வலிக்குதாடி?" "நல்ல வலி அண்ணி." அது என்ன நல்ல வலி? பிரசவ வார்டில்கூட யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

சகுனம் சரியில்லாத நாள். பால் திரிந்தது, பஸ் போய்விட்டது, அப்புறம் இது.

மழை விட்டிருந்ததால் மாலை கோர்ட்டில் மேடம் எல்லாரையும் அளந்தார். நானும் கூடப் போயிருந்தேன். விரலில் சாக்பீஸ் பூசிக்கொண்டு, சுவரோரம் நின்று எகிறி, எட்டிய இடத்தில் கோடு போட வேண்டும். தீபாவின் பழைய கோடு அங்கேயே இருக்கிறது. புதுக் கோடு அதற்கு இரண்டு விரல்கடை கீழே.

மறுபடி எகிறினாள். இன்னும் கீழே.

மேடம் கத்தவில்லை. "எங்கே ப்ராக்டீஸ் பண்றே?"

"வீட்ல மேடம். மெத்தை மேல."

"மெத்தையா! அது தூங்கறதுக்கும்மா!" பிறகுதான் நிதானமாகச் சொன்னார். "காலு தரையைத் தொட்டதே தெரியக் கூடாது. காஞ்ச தோசைக்கல்லு தொட்டா கையை எப்படி எடுப்பே? அப்படி எடுக்கணும். மெத்தையிலே காலு உள்ளே போகுது, உட்காருது, ஆமேலே, அப்புறமாத்தான், எழுந்து வருது. உன் காலுக்கு நிதானமா வர்றதைத்தான் கத்துக் கொடுத்திருக்கே. எத்தனை நாள் பண்றே?"

"டெய்லி."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பேச்சு வாங்கிக்கொண்டது தீபாதான். யோசனை என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் என் கையை அழுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் தீபா முட்டையைத் தொடவில்லை. இவர் வந்ததும் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலில் போட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா பண்ணீங்க" என்றார். கோபமில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

ஜூன் 12, வியாழன்

காற்று. மழை இல்லை.

ஆண்ட்டியிடம் தூது போனேன். நிப்பட்டு டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே, உள்ளே கொஞ்சம் சுண்டல். விஷயத்தைச் சொன்னேன்: மேடம் உத்தரவு, இனி தரையில்தான், வாரம் இரண்டே நாள், அரை மணி. பெட்டியும் இனி சின்னதுதான்.

"வேலை சிக்கும்னா குதிக்கட்டும். ஆனா சத்தம்?"

"சத்தம் வராம இறங்கணும்னுதான் அவங்க மேடமும் சொல்றாங்க ஆண்ட்டி."

"அப்போ நான் கீழே உட்கார்ந்து கேட்கறேன். வந்தா தட்டறேன்."

தட்டினார். ஒட்டடைக் கொம்பால் சீலிங்கில். அரை மணியும் டொக் டொக். எட்டு குதிக்கு ஆறு டொக். தீபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள். ஆண்ட்டிக்கு ஆயுசு நூறு.

ஜூன் 15, ஞாயிறு

மட்டன் எடுத்தேன், சிவாஜிநகர். கூட்டம். வழியெல்லாம் சேறு.

இன்று ஓய்வு நாள். ஓய்வு என்றால் இவளுக்குத் தண்டனை. சமையலறையில் தத்துகிறாள், கதவு நிலையைத் தொட எகிறுகிறாள். கையில் வெங்காயத்தைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

வெங்காயம் உரித்தபடியே சொன்னாள். "அண்ணி, செலக்ட் ஆனா டீம் ஹாஸ்டல் ஹுப்பள்ளில. அங்கதான் இருக்கணும்."

"எப்போ தெரியும்?"

"முன்னாடியே. சொன்னா நீங்க மூஞ்சிய தூக்கி வெச்சிப்பீங்க."

நான் ஏன் தூக்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குக்கரைத் திறக்கப் போனேன். ஆவி அடங்கவே இல்லை, அதற்குள் திறக்கப் பார்த்தேன்.

இந்த வீட்டுக்கு நான் வந்தபோது இவள் எட்டாவது. மாமியார் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடப் பையோடு கதவில் சாய்ந்து என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். அந்த வாரமே தலை பின்னிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என் பிள்ளைதான். யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. இங்கே சொல்லலாம்.

ஜூன் 19, வியாழன்

கடைசி முறை குதிப்பு. இன்று இடது காலும் சேர்ந்து, பூனை இறங்குவது மாதிரி. கீழே தட்டலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். ஆண்ட்டி தூங்கவில்லை. கொம்பை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "ஷுரு பண்ணலையா இன்னும்? எப்போ குதிப்பா?" என்றார்.

ஓடி வந்து சொன்னேன். தீபா என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஈரத்துணிக் கொடி அறுந்தது.

நாளை முழு ஓய்வு. ஷூ லேஸ் புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 21, சனி

லீவு போட்டேன். வயிற்று வலி என்று. உண்மையிலேயே வலித்தது.

இண்டோர் ஸ்டேடியம். எல்லாப் பெண்களும் உயரம். நான் கேலரியில் மூன்றாவது வரிசை, மடியில் தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், டவல், ஊதுபத்திச் சாம்பல் பொட்டலம்.

குதிக்க மூன்று வாய்ப்பு. முதல் முறை சுமார். இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவதற்கு முன் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் ஒரு நினைப்பு. இதில் தோற்றால் இவள் வீட்டிலேயே இருப்பாள். நினைத்தேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. அடுத்த நொடி என் மேலேயே அப்படி ஒரு கோபம். எழுந்து நின்று "எகிறுடி!" என்று கத்தினேன். பாட்டில் உருண்டு இரண்டு வரிசை கீழே போனது. செக்யூரிட்டி, "அம்மா, கூத்கொள்ளி" என்றார். உட்காரவில்லை.

எகிறினாள். கீழே வருவதைப் பற்றி நினைக்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பலகையில் விரல் பட்ட இடத்தை அளப்பவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார்.

ஆட்டத்திலும் அப்படியே. தன்னைவிட உயரமானவள் தலைக்கு மேல் பந்தைப் பறித்தாள். முடிந்ததும் மேடம் தீபாவின் இடது கணுக்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். லிஸ்ட் பிறகுதான் வரும்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகு ரசம்.

ஜூன் 30, திங்கள்

மழை. லிஸ்டில் பெயர் இருக்கிறது.

கவுண்டரில் இருந்தபோது போன். "அண்ணி", அப்புறம் அழுகை. நான் பயந்து எழுந்துவிட்டேன். வரிசையில் நின்றவர், "மேடம், என் பில்லு" என்றார். சுகர் டெஸ்டுக்கு வந்தவர் கையில் கொடுக்க வேண்டிய சீட்டை அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

இவர் கடையை மூடிவிட்டு ஒன்றரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார். தெருவுக்கே கொடுத்தார். அப்புறம் பாத்ரூமில் ரொம்ப நேரம் குழாய் திறந்திருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

முதலில் பயிற்சி முகாம், ஆர்டர் பின்னால் வருமாம். இரவு ரயில். பையில்: ஷூ இரண்டு ஜோடி, கணுக்கால் பட்டி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, ஸ்வெட்டர் (அங்கே குளிராதாம், நான் வைத்தேன்), குடை.

ஸ்டேஷனுக்கு இவர் மட்டும் போயிருக்கிறார், இடமில்லை என்று சொல்லி நான் போகவில்லை. ஆட்டோவில் இடம் இருந்தது. வாசலில் குனிந்து என் தலையில் முகவாயை வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லா சாப்பிடுங்க அண்ணி" என்றாள். யார் யாருக்குச் சொல்வது.

சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். நாளைக்கு அரிசி எடுக்கப் போய் ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் இரண்டு பேருக்குச் சமைத்ததே இல்லை.