நிற்க இடமில்லாத கிரகம்

மச்சான்,

உன் தொலைநோக்கிப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். நீ போனதிலிருந்து அது என் வீட்டு அலமாரி மேலேயே கிடந்தது. உன் வீட்டுக்காரி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இத வச்சிகினு நான் இன்னாண்ணா பண்றது, வடாம் காய வைக்கவா" என்று கேட்டாள். நான் அதை வாங்கி மேலே ஏற்றி வைத்தேன். மூடியைத் தூக்கியதும் முதலில் பூச்சி உருண்டை வாசம். அப்புறம் அதற்குள்ளிருந்து மெல்ல நல்லெண்ணெய் வாசம். குழாயின் வாய்ப் பக்கத்தில் அந்தக் கரி அப்படியே இருக்கிறது. ஒரு தூசு விழுந்தாலும் பனியனைக் கழற்றித் துடைக்கிற ஆள் நீ. அந்தக் கரியை மட்டும் கடைசிவரை துடைக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் அது சனீஸ்வரன் போட்ட கையெழுத்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

இந்த மடல் எழுத வேறு காரணம் இருக்கிறது. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நீ கேட்டால் ஸ்டுடியோ ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பாய். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் அதன் ருசி தெரியும். நீதான் எதையும் நேராகச் சொல்ல விடமாட்டாயே.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உன் போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த மனிதரைச் சும்மா எடுத்து அனுப்பக் கூடாதா? மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க என்பாய், அடுத்த மூச்சில் வியாழனுக்குப் போய்விடுவாய். மற்ற கிரகங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தாலும் அதன் பாதி எடைக்குக்கூட வராது, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் ஆவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, அதன் மேல் ஒரு புயல் நம் பூமியையே உள்ளே போட்டுக்கொள்ளும் அகலத்தில் எத்தனையோ தலைமுறையாக ஓயாமல் அடிக்கிறது என்று அடுக்குவாய். அவ்வளவு பெரிய வீட்டில் தரையே கிடையாது என்று முடிப்பாய். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்த ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே போவதற்கும் இரண்டு காப்பி படம் வேண்டுமா என்று கேட்டார். அவர் படத்தில் கண் மூடியிருந்தது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கு நீ வைத்திருந்தது ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சுரைக்குடுக்கையும். குடுக்கையை வாளியில் போட்டு, "இதான் சனி. அத்தாம் பெரிய தொட்டி கெடைச்சா அதுவும் இப்டிதான் மெதக்கும்" என்பாய். கூழாங்கல்லைப் போட்டு, இது நம்ம பூமி என்பாய். கல் முழுகும். உடனே உன் மகன் அழுவான், நாம் எல்லோரும் முழுகிவிட்டோம் என்று. அவனைச் சமாதானம் செய்ய உனக்கு ஒரு பன் செலவு.

சந்தை நாளில் பொழுது சாய்ந்ததும் ஸ்டுடியோ வாசலில் காலை விரித்து நிற்கும் உன் தொலைநோக்கி. சாமை விற்க வந்தவர்கள், புளி விற்க வந்தவர்கள், கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்று யார் போனாலும் பிடித்து இழுத்துப் பார்க்க வைப்பாய். அப்போது நீ வானத்தைப் பார்க்க மாட்டாய். பார்ப்பவர் முகத்தைத்தான் பார்ப்பாய். வளையம் கண்ணில் பட்டதும் அவர்கள் வாயிலிருந்து ஒரு 'ஆ' வரும். அதுதான் உனக்குக் கூலி. அது வராமல் ஒருத்தரையும் விட்டதில்லை நீ. பஸ் ஹாரன் அடிக்க அடிக்க ஒரு கிழவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று படுத்தியதில் கண்டக்டர் இறங்கி வந்துவிட்டான். வந்தவனும் பார்த்துவிட்டு 'ஆ' என்றான். பஸ் லேட்.

என் கதைக்கு வருகிறேன். நான் கலசப்பாக்கத்திலிருந்து மலை மேலே வந்து மோட்டார் காயில் கட்டும் கடை போட்ட புதிது. கோமதி வீட்டுக் கிணற்று மோட்டார் பழுது என்று போனேன். அந்த மோட்டார் அதன் பிறகு அடிக்கடி பழுதானது. ஒயரைப் பிடுங்கிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும், கோமதிக்கும் தெரியும். பழுது மோட்டாருக்கா உனக்கா என்று நீ கேட்டுக் கேட்டே என் மானத்தை வாங்கினாய். பெண் கேட்டுப் போனோம். கோமதியின் அப்பா சரி என்றார். அவருடைய அண்ணன் சரி சொல்லவில்லை.

அந்த வீட்டில் அதுவரை யாரும் ஜாதகம் பார்த்ததில்லை. அண்ணன்தான் நெல் வாங்கக் கீழே இறங்கிய இடத்தில் ஜோசியம் பிடித்துக்கொண்டு வந்தவர். புதிதாகப் பிடித்துக்கொண்டதால் பிடி கெட்டியாக இருந்தது. எனக்கு ஏழரைச் சனி, அதிலும் நட்டநடுவில், அது முடிகிற வரைக்கும் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் அமிர்திப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கோமதியைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். சனி முடிய நான் காத்திருந்தால் கோமதி வேறு வீட்டில் இருப்பாள். கடையில் உட்கார்ந்து, சுற்றிய காயிலையே திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து, சனியையே நேரில் காட்டிவிடுகிறேன் வா என்று வண்டியைக் கிளப்பினாய். எனக்கு அழுகை வந்தது, உன்னை அடிக்கவும் வந்தது.

ஆனாலும் அந்தப் பெரியவர், கோமதியின் பெரியப்பா, தொலைநோக்கி வைக்க ஒத்துக்கொண்டாரே, அதுதான் ஆச்சரியம். இரண்டு நிபந்தனை போட்டார். அவர் பார்க்க மாட்டார், தம்பி பார்த்துச் சொல்ல வேண்டும். எள் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டத் தொடங்கிய நேரம் அவர்கள் களத்தில் தொலைநோக்கியை நிறுத்தினாய். பெரியவர் சனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையில் விளக்கோடு நின்றார். பயத்தில் பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து வந்தார். கடைசியில் குழாயின் வாய்க்கு நேர் கீழே விளக்கு. நீ கண்ணாடியைக் காப்பாற்றக் கையைக் கொடுத்துச் சுட்டுக்கொண்டாய், வலிக்கிறது என்று கத்தவும் முடியவில்லை. கரி வந்தது அப்படித்தான்.

கோமதியின் அப்பா, இப்போது என் மாமனார், முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். கோயிலில் சனீஸ்வரன் சன்னதியில் யாராவது நேர் எதிரே நிற்பார்களா? ஓரமாகத்தானே நிற்போம். அவரும் அப்படியே தொலைநோக்கிக்கு ஓரமாக, உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்று குனிந்தார். அந்த நிலையில் ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. நேரா நில்லுங்க மாமா என்று சொல்ல உனக்கு வாய் வந்துவிட்டது. அதற்குள் பெரியவர் முதுகைத் திருப்பியபடியே கேட்டார்.

"இன்னாடா தெரிது?"

மாமனார் கண்ணை உடனே எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணா."

உன் தொலைநோக்கியில் ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். உன் முகம் போன போக்கை அந்த விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்த உன் கை கிளம்பியது. கிளம்பிய கை என் முகத்தைப் பார்த்ததும் நின்றது. எச்சிலை விழுங்கினாய்.

"அதாங்க நானும் சொல்றேன்" என்றாய். "அங்க ஒண்ணும் கெடையாது. கல்லு இல்ல, மண்ணு இல்ல, கால் வைக்க எடம் இல்ல. எல்லாம் வெறும் காத்து. நிக்கவே எடம் இல்லாதவரு, இவன் தலைமேல எங்கேர்ந்து வந்து உக்காருவாரு?"

பெரியவர் யோசித்தார். கெட்டியாக ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். உனக்குப் பொய் வராதே, சனியனே. உள்ளே ரொம்ப ஆழத்தில் ஏதோ இருக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தாய். உன் காலை நன்றாக மிதித்தேன். அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போய்விட்டு வந்ததில்லை என்று முடித்துக்கொண்டாய். பெரியவர் விளக்கைக் கீழே வைத்தார். காற்றுக்குப் போய் இத்தனை நாள் எண்ணெய் ஊற்றினேனா என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மங்கள வாத்தியம் போலக் கேட்டது.

கல்யாணத்துக்கு நீதான் போட்டோ. ஆல்பத்தில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. ஒரு பக்கம் முழுக்க நிலா இருக்கிறது. அது யார் வழிச் சொந்தம் என்று இப்போதும் ஆட்கள் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த 'ஒண்ணும் இல்ல' உன்னை விடவே இல்லை. குடித்தால் அதே பேச்சு, குடிக்காவிட்டாலும் அதே பேச்சு. இந்த மலையில் என் கருவியில் கண் வைத்து ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் உன் மாமனார்தான், அதையும் உனக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்பாய். அவரை மறுபடி கூப்பிட்டுக் காட்டலாமே என்றால், வேண்டாம், இப்போது தெரிந்துவிட்டால் உன் பெண்டாட்டியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த கடைசி நாளிலும் அவர் ஓரமாகத்தானே நின்றார் என்று என்னிடம் கேட்டாய். ஆமாம் என்றேன்.

இனி சேதி. போன சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொலைநோக்கியை எங்கள் வாசலில் நிறுத்தினேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நீ கால் நாழிகையில் செய்வதற்கு எனக்கு ஒரு பொழுது பிடித்தது, முதலில் எதிர் வீட்டு டிஷ் ஆன்டெனாதான் தெரிந்தது. ஒருவழியாகச் சனி அகப்பட்டது. மாமனார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். பழையபடியே ஓரமாக நின்றார்.

உனக்காக இந்த ஒரு முறையாவது என்று நான் அவர் தோளைத் தொட்டேன். நேராக நில்லுங்கள் மாமா, இப்படி நின்றால் தெரியாது என்றேன்.

"நல்லாத்தான் தெரிது மாப்ள" என்றார் கண்ணை எடுக்காமல். "காலுதான் ஓரமா நிக்கணும். கண்ணு எங்க வேணா போலாம். அன்னிக்கும் இப்டித்தான் பாத்தேன்."

அன்றைக்குத் தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது என்றார். அப்புறம் ஏன் ஒன்றும் இல்லை என்று சொன்னீர்கள் என்றேன்.

"சாமி மோதிரம் போட்டுகினு அப்டியே நிக்கறாருன்னு சொன்னா எங்கண்ணன் ஒத்துப்பாரா? கொட்டாயாண்ட நின்னு எம்பொண்ணு அழுதுகினு இருந்துச்சு." மறுபடி குழாயில் கண் வைத்தார். "அவ்ளோ அழகா இருந்துச்சு மாப்ள. இத்தினி வருஷமா யார்கிட்டயும் சொல்ல முடியல. அந்த போட்டோக்காரப் புள்ளகிட்டயாச்சும் சொல்லி இருக்கலாம்."

நீ அவரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தாய். அவர் உன்னையும் என்னையும் பெரியவரையும் சேர்த்தே ஏமாற்றியிருக்கிறார். நீ உன் 'ஆ'வை விழுங்கிய அதே நேரம், குழாயின் அந்தப் பக்கத்தில் அவரும் தன் 'ஆ'வை விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டும் கோமதிக்காக. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதி உள்ளே போய் நெடுநேரம் கழித்து வந்தாள்.

அவர் பார்த்தார் மச்சான். உன் கணக்கில் யாரும் பாக்கி இல்லை.

இந்தச் சந்தை நாளில் ஸ்டுடியோ வாசலிலேயே நிறுத்தினேன். உன் மகன் வாளியும் சுரைக்குடுக்கையும் கொண்டுவந்தான். கரியை நானும் துடைக்கவில்லை. ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.