ஆல்பர்ட்டுக்கு இன்னும் சோறூட்டவில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல பனி. எதிர்க் காட்டுப் புளியமரம் தெரியவில்லை. உலுக்குகிற சத்தம் மட்டும். காய் விழுவது, பனிக்குள் யாரோ மெதுவாக நடந்து வருவது போல.

வேலை: ஓடு உடைப்பது, கொட்டை எடுப்பது. சோப்பு வாங்க மறந்தேன்.

ஆல்பர்ட்டுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. என் தட்டில் கையை விட்டுச் சோற்றைப் பிசைந்துவிட்டான். கையைத் துடைத்து, தூக்கிப் பால் கொடுத்தேன். நாத்தனார் மேரி பார்த்துவிட்டார்.

"என்னா லூர்து, எம் மருமவனைக் காலேஜ் போறவரைக்கும் பால்லயே ஓட்டிருவியா?"

புளி உடைக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

"பதினேழாந்தேதி செவ்வாக்கெழம அந்தோனியார் கோயில்ல ஊட்டிருவோம். மறுநா சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிரும். அதத் தாண்டுனா ஈஸ்டர் வரைக்கும் ஒரு விசேசமும் வெக்க முடியாது, சொல்லிட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எப்படியாவது பதினேழைத் தாண்டிவிட்டால் போதும்.

மூத்தவள் ஷைனிக்கு அதே கோயிலில்தான் ஊட்டினோம். வெள்ளைக் கவுன். அந்த வாரமே கையும் காலும் பன் மாதிரி வீங்கிப் போனது. கண் பட்டது என்றார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் சிக்கில் செல் என்றார்கள். ரத்த அணு அரிவாள் போல வளைந்துகொள்ளும் நோய். போன சித்திரையில் ஒரே ஒரு காய்ச்சல். போய்விட்டாள். நாலு வயது. ஆல்பர்ட் அப்போது வயிற்றில்.

இவன் பிறந்ததும் சோதித்தார்கள். இவனுக்கும் அதேதான். ஊர் நர்ஸம்மா சொன்னார்: "இப்ப ஒண்ணும் தெரியாதும்மா. வயித்துக்குள்ள இருந்தப்ப ஓடுன ரத்தம் இன்னும் இவங்கிட்ட இருக்கு. அது இருக்கறவரைக்கும் வளைய உடாது. ஆறு மாசம் போல ஆச்சுன்னா கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சிரும்."

ஆறாம் மாதம்தானே சோறூட்டுவது? சோறு உள்ளே போனால் அந்த ரத்தம் வெளியே போகிறது. ஷைனிக்கு அப்படித்தான் ஆனது. அதனால் ஊட்டவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பனி குறைவு. மாமரம் பூத்து மணம் வீடு முழுக்க.

மத்தியானம் புளி மூட்டையில் சாய்ந்தபடி கண் அசந்தேன். ஒரு சிவப்பு ஆறு. வெதுவெதுப்பு. சத்தமே இல்லை. கேழ்வரகு மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ மிதந்து போகிறது. கரையில் ஷைனி உட்கார்ந்து, வளைந்ததை மட்டும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மடி நிறைந்துவிட்டது.

போதும் கண்ணு, எழுந்திரு என்றேன்.

தம்பியோடது இன்னும் இருக்குதும்மா என்றாள்.

விழித்தால் வெயிலில் புளித்தூசி பறக்கிறது. அதுவும் மிதந்தது. கொஞ்ச நேரம் எது கனவு என்று தெரியவில்லை. பக்கத்தில் புளி உடைக்கிறவர்கள் பேச்சு:

"உம் மருமவன் போன் போட்டானா?"

"போட்டான். ரீசார்ஜ் பண்ணி உடச் சொல்லி."

பிப்ரவரி 11, புதன்

அங்கன்வாடியில் எடை. ஆல்பர்ட் போன மாதம் இருந்த அதே எடை. நர்ஸம்மா முகம் மாறிவிட்டது.

"என்னாம்மா குடுக்கற இவனுக்கு?"

"பால்."

"சோறு, பருப்பு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு எல்லாம் சொல்லிவிட்டேன். அந்த ரத்தம் போய்விடுமே என்று. திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சோத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல லூர்து. நீ ஊட்டுனாலும் கொறையும், ஊட்டாட்டியும் கொறையும். எல்லாக் கொழந்தைக்கும் அப்படித்தான். ஷைனிக்கு நீ ஊட்டுனதால வரல. அது கொறையற நேரமும் சோறூட்டற நேரமும் ஒண்ணா வந்திருச்சு, அவ்வளவுதான்."

"எங்கிட்ட இருந்து போன ரத்தம், அதான் அவங்கிட்டயே இருக்கட்டும்னு…"

"உன்னுது இல்லம்மா. வயித்துக்குள்ள இருந்தப்ப அவனே செஞ்சுகிட்டது."

வீடு வரும்வரை அதுவே காதில். என்னுடையது இல்லை. என் சோற்றால் ஷைனி போகவில்லை என்பது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை மாதம் நான் கையால் பொத்தி வைத்திருந்த விளக்கு, என் கைக்குள்ளேயே இல்லை.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆல்பர்ட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அவன் பசியோடவா இருந்தான்?" என்று கேட்டார். அது மட்டும்தான் கேட்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இண்டூரில் பஸ் ஏறி தருமபுரி ஆஸ்பத்திரிக்கு. ஜன்னல் சீட். ஆல்பர்ட் மடியில் தூங்க, எனக்கும் கண் சொருகியது. கனவில் அந்தச் சிவப்பு ஆறு திரும்ப வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண். பொறுமை. ரத்தச் சீட்டில் எஃப் என்ற எழுத்தைக் காட்டினார். ஃபீட்டல் ஹீமோகுளோபினாம். வயிற்று ரத்தத்துக்குப் பெயர் அது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. சில பேருக்கு நெறய தங்கிடும், அவங்களுக்குக் கஷ்டம் கம்மி. இவனுக்குக் கொறையுதுங்க. ஒன்பது மாசம் முடியட்டும், ஒரு மருந்து தொடங்கலாம். தெனமும் குடுக்கணும். அது அந்த எஃப்பைத் திரும்ப எழுப்பி உடும்."

"தூங்கறத எழுப்பற மாதிரிங்களா?"

"அப்படியே வெச்சுக்கங்க." சிரித்தார். "ஆனா நோயே போயிரும்னு நெனைக்காதீங்க. ரத்தம் பாத்துப் பாத்துதான் குடுக்கணும்."

மறக்கக் கூடாதது:
காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே வரணும்.
இடது விலாவுக்குக் கீழே தடவிப் பார்க்கணும், மண்ணீரல் வீங்கினால் கைக்குத் தெரியும்.
பென்சிலின் இரண்டு வேளை.
தண்ணீர் நிறைய. பனியில் வெளியே கூடாது.
சோறு.

கடைசியை டாக்டர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். எழுத வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அந்தோனியார் கோயில். மேரி பெரிய கிண்ணம் நிறையக் குழைந்த சோறு கொண்டுவந்தார். "ஊருக்கே ஊட்டப் போறீங்களா அக்கா?" என்றேன். "எட்டு மாசப் பாக்கி இருக்குதே," என்றார்.

ஃபாதர் செபம் சொல்லி முதல் வாய் வைத்தார். துப்பிவிட்டான். அடுத்தது நான். விரல் நுனியில் எடுத்து வைத்தேன். அவன் விரலையே கடித்து இழுத்தான். அதற்குள் மெழுகுவத்தி வெளிச்சம், ஆட்கள், எல்லாம் தூரமாகப் போய்விட்டது. அவன் வாய் அசைவது மட்டும். ஷைனியும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் நின்று முகம் துடைத்தார்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

மேகமூட்டம். எழுந்ததும் முதலில் அவன் கையைப் பார்த்தேன். வலது சுண்டு விரல் தடித்தது போல. இரண்டு கையையும் சேர்த்து வைத்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். இல்லை. ஒன்றுபோலத்தான். காலும். விலாவுக்குக் கீழே மெத்தென்று. தடவினால் சிரிக்கிறான். நாளைக்கும் பார்க்க வேண்டும். நாளை மறுநாளும்.

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வைத்து வந்தாயிற்று. எனக்கு இன்று ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. அவனுக்கு இல்லை. பருப்பு இன்னும் வேகவில்லை, அதற்குள் அழுகிறான்.