ஜரிகை வேட்டியும் திரும்பி வந்த அலையும்

டைட்டன் நிலவு, வானொலிக் கூடாரம். 212-ஆம் நாள், காலை

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, நீ நம்பவே போகாத கதை ஒன்றை, சனியின் வளையங்கள் மீது சத்தியமாகச் சொல்லப்போகிறேன்.

ஆன்டெனா வேலை முடிந்தது. கம்பியை விரல்கடை விரல்கடையாக நறுக்கி அலைநீளத்துக்குப் பொருத்தியதில், திரும்பி வரும் அலையைக் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் குறட்டை விடுகிறது. அனுப்பும் சக்தி முழுதும் வானத்துக்கே போகிறது. இந்தப் பேச்சிமுத்து இங்கே தும்மினால் பூமியில் "ஆயுசு நூறு" என்பார்கள்.

நாளை அக்கா மகள் செண்பகவடிவு தன் விண்ணோடத்தை இங்கே இறக்குகிறாள்.

213, காலை

கூடாரத்தைப் பெருக்கினேன். மற்ற துணிகளையெல்லாம் ஊறப் போட்டேன். கொடியில் கிடந்த ஜரிகை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். விருந்தாளி வருகிறாள் அல்லவா!

213, மதியம்

இறங்குதளம் பிளந்துவிட்டது. ஏழு மலை உயரத்துக்கு மீத்தேன் பீறிடுகிறது. அங்கே இறங்கினால் ஓடம் சில்லுச் சில்லாகும். அவளை வடக்கு மேட்டுக்குத் திருப்ப வேண்டும்.

அழைத்தேன். முள் எழுந்து பேயாட்டம் ஆடுகிறது. போகிற அலையெல்லாம் கம்பியில் ஏறாமல் திரும்பி வந்து வானொலிப் பெட்டியையே சுடுகிறது. பெட்டியோ தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிட்டது. அதன் தலையில் நூறு தோசை வார்க்கலாம்.

அவள் பேசுவது மட்டும் கணீரென்று கேட்கிறது.

"மாமா, ஒறங்கிட்டியளா? சத்தத்தையே காணோம்! வாய் மூடாத ஆளாச்சே!"

கத்துகிறேன். சனியின் வளையங்களே ஆடுகின்றன. அவளுக்குக் கேட்கவில்லை.

சற்றுப் பின்

இணைப்புகளை முறுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. நேற்றுப் படுத்திருந்த முள் இன்று ஏன் ஆடுகிறது? நடுவில் என்ன மாறியது?

"வெளாடாதிய மாமா. மேகத்துக்குள்ள வந்துட்டேன். பதில் இல்லன்னா வழக்கமான தளத்துலயே எறங்குதேன்."

இறங்காதே தாயி, இறங்காதே

வேட்டி!

இங்கே கொடி ஏது? கூடாரத்துக்குள் ஓடும் ஆன்டெனாக் கம்பிதான் என் கொடி. நேற்று அளவு பார்த்தபோது வேட்டி அதில் கிடந்தது. ஜரிகை உலோகம், அதுவும் ஆன்டெனாவோடு சேர்ந்துகொண்டது. அதையும் சேர்த்தே அளந்து கம்பியை நறுக்கித் தொலைத்திருக்கிறேன். வேட்டியை எடுத்ததும் கம்பி குட்டையாகிவிட்டது.

அவிழ்த்தேன். பழைய இடத்திலேயே வீசினேன். முள் படுத்தது.

"செண்பகம்! வடக்கு மேட்டுல எறங்கு! வடக்கு மேடு!"

"ஏ யப்பா, காதே போச்சு! கேக்குது மாமா. திருப்பிட்டேன்."

213, மாலை

இறங்கிவிட்டாள். கதவைத் தட்டுகிறாள்.

"மாமா, கதவத் தொறங்க! உள்ள என்ன பண்ணுதிய?"

பின்னாலேயே இன்னொரு ஓடம் வருகிறதாம். அதற்கும் வழி சொல்ல வேண்டும்; வேட்டியில் கைவைக்க முடியாது.

புண்ணியவானே, ஊற்றின் உயரத்தில் ஆறு மலையைக் கழித்துக்கொள். தும்மல், தோசை, ஆடிய வளையங்கள் எல்லாம் நான் விட்ட கதை. ஜரிகை வேட்டி மட்டும் நிஜம். இன்னும் கம்பியில்தான் தொங்குகிறது.

நான் போர்வைக்குள்.