உப்புத்தாளில் அழிந்த எண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறி அவளே துணி காயப்போடுகிறாள், என்னை நம்பினால் துணி பக்கெட்டிலேயே கிடக்குமாம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் மூன்று நாளாக என் வசத்தில் இல்லை. போனில் சொல்லியிருப்பேன், அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள், குரல் நடுங்கினால் கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நம் வேன் போன வாரம் ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. என் வழக்கம் உனக்குத் தெரியும், மாதம் ஒருமுறை நாலு பிளக்கையும் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பேன், நுனியோடு விட்டேனா, அந்த வெள்ளைப் பீங்கானும் பளபளக்க வேண்டும் எனக்கு. அதில்தான் எண் அச்சடித்திருந்தது, நாலிலும் என் கையாலேயே அழித்துவைத்திருக்கிறேன். போன முறை வாங்கிக் கொடுத்தது நீதான், கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். ஆனால் வண்டி ஓட்டினது போதும்ப்பா என்று ஆரம்பித்துவிடுவாயே என்று கேட்கவில்லை. பழைய பிளக்கோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் புதிதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், மரை, நீளம், தலை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. எண்ணில் கடைசி இலக்கம் எதுவென்று தெரியவில்லையே என்றேன். அது பிளக் எவ்வளவு சூடு தாங்கும்ங்கிற கணக்குண்ணே, ஒரு நம்பர் கூடக்குறைய இருந்தா வண்டி என்ன கோவிச்சுக்கவா போகுது என்றார். நானும் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு பிள்ளைகளோடு பள்ளி மேட்டில் ஏறுகிறேன், எஞ்சினில் டக்டக்கென்று சத்தம், இழுவை குறைந்து நட்டநடு மேட்டில் நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன், ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் ஹேண்ட் பிரேக். பின்னால் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். ஒருவழியாக நின்றது. இறங்கிப் பார்த்தேன், பின் சக்கரத்துக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு சாண், என் கையாலேயே அளந்தேன். முன் சீட்டில் உட்காரும் சின்னவள், இன்னொரு தடவை அப்படிப் பண்ணுங்க அங்கிள் என்றாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி, பள்ளி வாசல்வரை நடத்தியே கூட்டிப்போனேன் மகளே.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தது. இது நம்ம வண்டி தாங்காத சூட்டு ரகம், சமதரையில ஒண்ணும் தெரியாது, ஆளேத்தி மேடு ஏறினா காட்டிக் கொடுத்துடும் என்றார். சரியான எண், பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டிலேயே இருந்தது, தூசியைத் துடைத்ததும் தெரிந்தது. கண்டதையெல்லாம் தேய்க்கிற நான் அதை மட்டும் துடைக்கவில்லை. அந்த எண்ணிலேயே வாங்கிப் போட்டு, மணல்மூட்டை ஏற்றி அதே மேட்டில் அவரே நாலு தடவை ஓட்டிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்கிறார். எனக்குத்தான் சாவியை எடுக்க மனம் வரவில்லை. பிள்ளைகளின் வீடுகளில் வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் அம்மா, நீங்க ஓட்டினாத்தான் எங்களுக்கு நிம்மதி, மெதுவா சரி பண்ணிட்டு வாங்க என்றாள். அதைக் கேட்டபிறகும் மறைப்பது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவேன், அம்மாவிடமும்தான், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் காருக்குப் பிளக் மாற்றினால் எண்ணைப் பார்த்து வாங்கு, ஒன்று கூடக்குறைய என்று எவர் சொன்னாலும் கடையை விட்டு இறங்கிவிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருங்கள், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. விடுமுறைக்கு உங்கள் பேரனை அனுப்புகிறேன், ஸ்டேஷனுக்கு வேனை எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தாய். அப்பா மனம் நோகுமே என்று பார்க்காமல், அவனை என் வேனில் ஏற்றுவாயா மாட்டாயா என்று எழுது. மாட்டேன் என்றால் அந்தப் பதினோரு பேரையும் நான் ஏற்றக்கூடாது. உன் பதில் வரும்வரை வண்டி வாசலில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்
அப்பா