கீபோர்டுக்குள் உங்கள் புல்லாங்குழல்

அன்பு மச்சான்,

முதலில் உறுதியான செய்தி. உங்கள் புல்லாங்குழல் இப்போது கீபோர்டில் ஒலிக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் நம் ரிங்லெட் ஊர்க் கோயிலில் ஆல்பர்ட் வாசித்துக் காட்டினான். நானே கேட்டேன்.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன்தான் ஆல்பர்ட். நெஞ்சு இரைப்போடு நீங்கள் அவதிப்பட்ட கடைசி மாதங்களில், ஒவ்வொரு சுரமாக உங்களை ஊதச் சொல்லிப் பதிவு செய்தவன். "செத்த பிறகும் என்னை ஓவர்டைம் பாக்க வைக்கிறியாடா?" என்று அவனைக் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

வரும் சனிக்கிழமை மேரிக்குக் கல்யாணம். அப்பாவின் குழலோசையில்தான் கோயிலுக்குள் நடப்பேன் என்கிறாள் உங்கள் மகள். அக்காவும் சம்மதித்திருந்தாள், ஞாயிறன்று கேட்கும்வரை.

ஆல்பர்ட் கட்டையை அழுத்தினான். உங்கள் சுரமேதான். கீழிருந்து லேசாக வழுக்கி ஏறும் வழக்கம்கூட அப்படியே இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வாசிக்கிறது அவருதான் தம்பி. மூச்சு விடுறது வேற யாரோ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆல்பர்டின் முகம்தான் மாறியது. தனியே அழைத்து விசாரித்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் நீங்கள் மூச்சிழுப்பது பதிவில் இரைப்போடு விழுந்திருந்ததாம். அதை வெட்டிவிட்டான். வெட்டியதும் குழல் ஐஸ்கிரீம் விற்கிற மோட்டார் சைக்கிளில் வரும் பாட்டு மாதிரி ஆகிவிட்டதாம். அதனால் கீபோர்டிலேயே வரும் மூச்சுச் சத்தம் ஒன்றை எடுத்து முன்னால் ஒட்டியிருக்கிறான். அது எந்த ஊர்க்காரருடைய மூச்சோ, அவனுக்கும் தெரியாது.

"கல்யாணத்துல இரைப்பு கேட்டா நல்லா இருக்காதுன்னுதான் அங்கிள்," என்றான். கோபப்பட முடியவில்லை.

அக்காவின் முடிவு இதுதான்: "அவரு மூச்சோட போடு. இல்லன்னா ஒன்னுமே வேணாம்."

எனக்கு இரண்டு நாளாக இதே யோசனை. அந்த இரைப்புச் சத்தத்தைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவள். கோயில் நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்டால் தாங்குவாளா? மேரிக்குக் கால் நகருமா? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

வெட்டாத பதிவு இருக்கிறதா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஆல்பர்டின் பழைய கம்ப்யூட்டர் கம்போங் ராஜாவில் அவன் தம்பி வீட்டில் கிடக்கிறது. வியாழன் மாலை வேலை முடிந்து போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மேரியின் கை என் கையில் இருக்கும், மச்சான். பாதி வழியில் அவள் நின்றுவிட்டால் நானும் நிற்பேன். இழுக்க மாட்டேன்.

உங்கள் மச்சினன்,
சேவியர்