துறையடியில் விழுந்த அன்று

1946 ஆவணி 9, வெள்ளி

நான் குடியை விட்டு இன்றோடு நாற்பத்தாறு நாள். இன்றைக்குப் பார்த்து ஊர் முன்னால் விழுந்தேன்.

ஏறாவூரிலிருந்து வந்த தோணியை விட்டு இறங்கும்போது, எகிப்தில் பட்டாள லொறி கவிழ்ந்து நொறுங்கிய அந்த இடது கால் சேற்றில் வழுக்கிவிட்டது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி கனகத்தின் அண்ணன் கந்தப்பன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "பட்டாளத்தார் மறுகாவும் குடிக்கத் தொடங்கிட்டார்!"

சாராயத் தவறணை பத்தடி தூரத்தில் இருந்தது. குடிக்காமலே குடிகாரன் என்கிறார்களே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். கடைக்காரன் கேட்காமலே போத்தலைத் திறந்தான்.

"சாராயம் வேணாம். கால் கழுவ ஒரு வாளி தண்ணி தா."

அந்தச் சொல் எப்படி வாயில் வந்ததென்று எனக்கே தெரியாது. வாசலில் நின்று, எல்லாரும் பார்க்கச் சேற்றைக் கழுவினேன். பிறகு கந்தப்பனின் முகத்துக்கு நேரே ஊதினேன். "மணந்து பார், மச்சான்."

கனகத்திடம் சொன்னதும் பயந்துபோனாள். "இனி அந்தத் துறையால வராதீங்க. தன்னாமுனையால சுத்தி வாங்க."

"நான் ஏன் சுத்தோணும்? தவறணைய வேற இடத்துக்குக் கொண்டு போகட்டும்."

அவள் சிரிக்கவில்லை. திறந்த போத்தலின் மணம் இன்னும் மூக்கில் நிற்பதை அவளிடம் சொல்லவில்லை. எழுத்துக் கோணுகிறது. கோணட்டும். நாளைக்கும் அந்தத் துறையில்தான் இறங்குவேன்.