நான்கு நொடிக் கதவு

உன் கண்ட்ரோலரில் இன்னும் காளான் மசாலா வாசம் அடிக்கிறது. நீ போய் மூன்று மாதமாயிற்று, அது போகவில்லை. பெரியநாயக்கன்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் வாங்கிவந்து, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் வாள் வீசுவாயே, அதே மசாலா. சதுரப் பொத்தானை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, நன்றாக யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. போன ஞாயிறு மதியம் உன் மனைவி சாந்தாமணி ஒரு துணிப்பையில் உன் கன்சோலையும் இரண்டு கண்ட்ரோலர்களையும் கொண்டுவந்து என் டீவி முன்னால் வைத்தபோது, முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தது இந்த வாசம்தான்.

"அவரு ஆஸ்பத்திரில சொன்னாருங்கண்ணா, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு அவனைப் பாத்துப்போடச் சொல்லுன்னு," என்றாள். "எனக்கும் தெரிஞ்சாகோணும். ரெண்டு வருசமா சமையக்கட்டுல நின்னு ஒரே பாட்டைக் கேட்டிருக்கறேன். 'நீங்க போங்க', 'இல்லீங்க, நீங்க போங்க', அப்பறம் ரெண்டு பேரும் சேந்து 'ஐயையோ'!"

அந்த 'நீங்க போங்க' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நீ சொன்னதே இல்லையாம். நான் சொன்னேன்.

நமக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் வீட்டு டீவியோடு ஒயர் மாட்டி ஆடும் பெட்டி. 9,999 ஆட்டம் என்று அட்டையில் போட்ட கேசட். உள்ளே இருந்தது நான்கு, மீதியெல்லாம் அதே நான்குக்கு வேறு வேறு பெயர். இருவர் சேர்ந்து ஓடும் ஆட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. முன்னால் ஓடுகிறவனோடு திரையும் நகரும். பின்னால் நிற்கிறவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். நீ ஓடினாய். நான் செத்தேன். என் கடைசி உயிர் அது. ஒரு மாதம் நாம் பேசவில்லை. கொங்கு நாடு அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு போரைக் கண்டதில்லை. சமாதானத்தின்போது ஒப்பந்தம் போட்டோம்: முன்னால் அடி எடுத்து வைப்பதற்குள் 'நீங்க போங்க' என்று மற்றவனை மரியாதையாக அழைத்துவிட வேண்டும். வாடா போடா என்றே வளர்ந்த இரண்டு பேர், கண்ட்ரோலரைத் தொட்டதும் சம்பந்தி வீட்டார் ஆகிவிடுவோம். நீ லேத் பட்டறை முதலாளி ஆனாய், எனக்குத் தலையில் முடி போயிற்று, எத்தனையோ கன்சோல்கள் வந்து பழைய இரும்புக்குப் போயின. ஒப்பந்தம் மட்டும் நின்றது.

அதுதான் நம்மைக் கொன்றது. கடைசி இரண்டு வருடமாக நாம் ஆடிய கோட்டை ஆட்டத்தில், கோட்டையின் கடைசிக் கதவு நான்கே நொடி திறந்திருக்கும், ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். நீ என்னைப் போகச் சொல்ல, நான் உன்னைப் போகச் சொல்ல, கதவு சாத்தி, வெள்ளம் புகுந்து, இருவரும் காலி. குறைந்தது நாற்பதாயிரம் முறை. பவானிசாகர் அணைகூட அவ்வளவு தண்ணீரைப் பார்த்திருக்காது.

நீ போன பிறகு நான் பட்ட அதிர்ச்சிகளையும் கேள். மனதைத் தேற்றிக்கொள்ளப் புதுக் கன்சோல் ஒன்று வாங்கினேன். டிஸ்க்கைப் போட்டால், ஆட்டம் டிஸ்க்கில் இல்லை! அப்டேட் இறங்க வேண்டுமாம். அது இறங்குவதற்குள் சோமனூர்த் தறிகள் எல்லாம் சேர்ந்து இந்தப் பூமி உருண்டைக்கே ஒரு வேட்டி நெய்து கட்டிவிட்டிருக்கும். 'தூசி போக ஊதுனா ஓடோணும்டா, அதுதான் கேசட்டு' என்பாய். இதை எங்கே ஊதுவது? ஒருவழியாக ஓடியதும், நடக்க இந்தப் பொத்தானை அழுத்தவும் என்று பாடம். நாற்பத்து நான்கு வருடமாக நடந்துகொண்டிருப்பவனுக்கு! வீரனுக்குச் சட்டை தனி விலை, தொப்பி தனி விலை. ஹெட்செட்டை மாட்டினால், முகம் தெரியாத எவனோ என் கொள்ளுத் தாத்தா வரைக்கும் விசாரிக்கிறான். அத்தனை வசவிலும் மருந்துக்கு ஒரு 'ங்க' இல்லை.

புது ஆட்டத்தின் அழகில் குறை சொன்னால் என் கண் அவிந்துவிடும். ஒரு குதிரை வருகிறது பார், அந்தியூர்ச் சந்தைக் குதிரைகள் பார்த்தால் வெட்கப்பட்டு வந்த லாரியிலேயே ஏறிக்கொள்ளும். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் அசைகிறது. அவ்வளவு செய்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இடம் வைக்கவில்லை. இரண்டாவது ஆள் அவர் வீட்டில், அவர் பெட்டியில், அவர் இன்டர்நெட்டில் ஆட வேண்டுமாம். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒரே ஒரு கண்ட்ரோலர்.

நம் கோட்டைக்கு வருகிறேன். உன் கன்சோலை மாட்டித் திறந்தால், விட்ட இடத்திலேயே இருவரும் கதவுக்கு முன்னால் நிற்கிறோம். என் நீலச் சட்டை, உன் பச்சைச் சட்டை. திரையில் ஒரு கேள்வி: இரண்டாம் ஆட்டக்காரர் இல்லை, அவருக்குப் பதிலாகக் கணினி ஆடலாமா?

உனக்குப் பதிலாம்! இல்லை என்று அழுத்தப் போனேன். ஆனால் சாந்தாமணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ சொன்ன வேலையை முடித்தாக வேண்டும். சரி என்று அழுத்தினேன். உன் பச்சைச் சட்டைக்குள் எவனோ புகுந்தான். கதவு திறந்ததுதான் தாமதம், என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தான். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏனுங்கண்ணா நிறுத்திப்போட்டீங்க?"

"அது அவனில்ல, அம்மணி."

அவளுக்குப் போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போனது. பிறகு உன் கண்ட்ரோலரைத் தலைகீழாக எடுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுல நடக்கற பொத்தான் எதுங்?" என்றாள்.

இரண்டு வருடமாக அதைச் சனியன் பிடித்த பொட்டி என்று திட்டியவள்! பிளக்கை மறுபடி மாட்டினேன். அரை மணி நேரம் உன் பச்சைச் சட்டை சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. "சொன்ன பக்கம் திரும்ப மாட்டீங்கறாரே. அப்படியே அவராட்டவே," என்றாள். ஒருவழியாகக் கதவுக்கு முன்னால் வந்தோம். திறந்தது. பழைய வழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது: "நீங்க போங்க."

போய்விட்டாள்! மறுபேச்சு இல்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அதிர்ச்சியில் நான் சிலையாக நிற்க, "வாங்கண்ணா, சாத்தறானுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நானும் குதித்தேன். கதவு நம் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வெள்ளம் இல்லை.

"அவ்வளவுதானுங்களா? போங்கன்னா போறது. இதுக்கா ரெண்டு வருசம்?" என்று சிரித்தாள். சிரித்தபடியே கொஞ்ச நேரம் அந்தச் சதுரப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுதுங்கண்ணா. தொடச்சுப்போடட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி."

அந்தப் பக்கம் என்ன இருந்தது என்றுதானே கேட்டாய்? எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள். ஒரு நீளமான நடைபாதை. அதன் முடிவில் ஓர் அறிவிப்பு: மீதிக் கதை அடுத்த பாகத்தில், தனியாக வாங்கிக்கொள்ளவும். டேய்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்ட கேள்விக்கு இதுவாடா பதில்? ஆட்டத்தைச் செய்தவனே நான்தான் என்பதுபோல, அவள் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப இன்னும் முடியலீங்களா?"

"முடியல அம்மணி."

"அப்பச் சரி. வர்ற ஞாயித்துக்கெழமையும் வாரனுங்கண்ணா." துணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டாள். கன்சோலையும் கண்ட்ரோலர்களையும் எடுக்கவில்லை.

என் பக்கம் ஒரு புகார் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் காத்த ஒப்பந்தத்தை மீறியவன் நீ. ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் ஓடிவிட்டாய். திரை உன்னோடு நகர்ந்துவிட்டது. நான் ஓரத்தைப் பற்றிக்கொண்டு தொங்குகிறேன். இப்போதும் பேங்க் வாசலிலும் லிஃப்ட் முன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறேன். லிஃப்ட் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. சரி, நீ சொல்லாமல் விட்டதை நானே சொல்லி முறையைச் செய்துவிடுகிறேன்.

நீங்க போங்க. நான் பின்னாலயே வாரேன்.

கொஞ்சம் மெதுவாகத்தான் வருவேன். அடுத்த பாகத்தை வாங்கிவிட்டேன், இன்னும் பாதிகூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி வேறு வந்துவிடுவாள்.